திடீரென்று ஒரு வெளிநாட்டு நகரம்: கடலூர், புதுச்சேரி நண்பர்கள் இருவருக்கான வழிகாட்டி

நண்பரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்து, அடுத்த வாரமே ஒரு வெளிநாட்டு நகரத்துக்குப் போய் மூன்று நான்கு நாள் தங்கித் திரும்புவது கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு இன்று எட்டாத காரியமல்ல. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது. பாங்காக் அதைவிடப் பக்கம். கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை. ஆனால் இத்தகைய திடீர்ப் பயணம், புறப்படும் எண்ணமே இல்லாத நாள்களில் சில காரியங்களை முடித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் கைகூடும். ஆகவே இந்த வழிகாட்டியின் முற்பகுதி, இன்னும் எந்த ஊரையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்கானது.

முன்பே முடித்து வைக்க வேண்டியவை

முதலாவது பாஸ்போர்ட். பெரியவர்களுக்குப் பத்தாண்டு செல்லுபடியாகும் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் முறையில் கேட்டால் மேலும் 2,000 ரூபாய் சேரும். தட்கல் இருக்கிறதே என்று கடைசி வாரம் வரை காத்திருப்பது வீண் செலவு. அதோடு, நேர்காணலுக்கு நீங்கள் விரும்பும் நாள் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அது காலாவதியாகும் தேதியைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகள், நீங்கள் அங்கே இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. ஐந்து மாதம் மீதமிருக்கும் பாஸ்போர்ட் கையிலிருந்தும், விமான நிறுவனத்தின் கவுன்டரிலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது பெயர். நம் பக்கத்தில் பெரும்பாலோர் இனிஷியலோடு வாழ்கிறோம். பாஸ்போர்ட்டோ இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறது. அதனால் ஆதாரில் ஒரு விதமாகவும் பான் அட்டையில் வேறு விதமாகவும் பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருப்பது சாதாரணம். விமான டிக்கெட் எடுக்கும்போது மற்ற அட்டைகளை எல்லாம் மறந்துவிட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். குடும்பப் பெயர் என்ற இடம் சிலருடைய பாஸ்போர்ட்டில் காலியாகவே இருக்கும். விமான நிறுவனங்களின் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகரவிடாது; அதே பெயரை இரண்டு கட்டங்களிலும் எழுதச் சொல்வது பல நிறுவனங்களின் வழக்கம் என்றாலும், நீங்கள் எடுக்கும் நிறுவனம் என்ன சொல்கிறது என்பதை அதன் உதவிப் பக்கத்தில் படித்துவிட்டு எழுதுவதே சரி. நண்பருக்கும் சேர்த்து நீங்களே டிக்கெட் எடுப்பதாக இருந்தால், அவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பள்ளியில் கூப்பிட்ட பெயரை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது.

மூன்றாவது வங்கி அட்டை. புதிதாகத் தரப்படும் டெபிட், கிரெடிட் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கியின் செயலியில் நீங்களாகத் திறந்துகொள்ள வேண்டும். இதை வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை செய்து பார்த்துப் பழகிக்கொண்டால், வெளியூர்க் கவுன்டரில் நின்று தடுமாற வேண்டியிருக்காது. வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்தைக் காகிதத்திலும் கைப்பேசியிலும் வைத்துக்கொள்வதும் இதே வரிசையில் வருகிறது.

நகரத்தைத் தேர்ந்தெடுத்தல்

திடீர்ப் பயணத்துக்கு நகரத்தைத் தீர்மானிப்பது ஆசையைவிட விசாதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் வரை விசா விலக்கு அளித்துவருகிறது. இந்த விலக்கு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. தாய்லாந்தும் 2023 நவம்பரில் விலக்கு அளித்தது. ஆனால் எத்தனை நாள் தங்கலாம் என்ற விதி இடையில் மாறியிருப்பதால் டிக்கெட் எடுக்கும் அன்றே தூதரக அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கு இணையத்தில் முன் அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பித்தால் சில வேலை நாள்களில் வந்துவிடுகிறது என்றாலும், ஒரு வாரமாவது கையில் இல்லாமல் சிங்கப்பூரை நினைக்க வேண்டாம். பாரிஸ் என்பது புதுச்சேரியில் பலருக்கு அத்தை வீடு இருக்கும் ஊர். ஆயினும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகே பதினைந்து நாள் வரை ஆகக்கூடும் என்பதால் அது திட்டமிட்டுப் போக வேண்டிய பயணம். இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. இருவரில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருக்கலாம். ஒரே தெருவில் வளர்ந்திருந்தாலும் எல்லையில் இருவருக்கும் விதி வேறு. சிங்கப்பூருக்குள் அவர் விசா இல்லாமல் நுழைவார், நீங்கள் நுழைய முடியாது. திரும்பி வரும்போது அவர் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையையும் காட்டியாக வேண்டும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் அட்டையை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டால், சென்னைக்கு வரும் விமானத்தில் ஏறவே சிரமப்படுவார். ஆகவே நகரத்தைப் பேசும்போதே யாரிடம் எந்தப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதையும் பேசிவிடுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை கோலாலம்பூர். விசா இல்லை, தமிழ் காதில் விழும், சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டியதில்லை, சிங்கப்பூரைவிட அறை வாடகை குறைவு. கீழே வரும் செய்திகளைப் பெரும்பாலும் அந்த நகரத்தை வைத்தே எழுதுகிறேன். ஒரு பயணத்துக்கு ஒரே நகரம் போதும். நான்கு நாளில் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் பார்த்துவிடத் துடிப்பவர்கள் பேருந்து நிலையங்களைத்தான் நன்றாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நண்பரோடு பேசி வைக்க வேண்டியது

டிக்கெட்டுக்கு முன் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். மொத்தம் எவ்வளவு செலவழிக்க இருவரும் தயார், அறை எத்தகையது, கடை கண்ணிக்குப் போவதில் யாருக்கு எவ்வளவு ஆர்வம், யார் விடியற்காலையில் எழுபவர், யார் பத்து மணி வரை உறங்குபவர் என்பவை அற்பமான கேள்விகளாகத் தோன்றினாலும், பயணத்தில் கசப்பு பெரும்பாலும் இவற்றிலிருந்தே பிறக்கிறது. பொதுச் செலவுகளுக்கு இருவரும் சம அளவில் பணம் போட்டு ஒரு தனிப் பையில் வைத்துக்கொண்டு, டாக்சி, பொதுவான சாப்பாடு, நுழைவுச்சீட்டு ஆகியவற்றை அதிலிருந்தே கொடுப்பது எளிய முறை. ஒருவர் அட்டையில் கட்டியதை அன்றிரவே கைப்பேசியில் குறித்துவிட வேண்டும். பயணத்தில் அரை நாளாவது இருவரும் தனித்தனியாகச் சுற்றலாம் என்று முன்னதாகவே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் அது கோபம்போலத் தெரியும்.

இருவரும் ஒரே வங்கியின் அட்டையை மட்டும் நம்பிப் போகாமலிருப்பதும், ஒருவருடைய பாஸ்போர்ட் படத்தையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் மற்றவர் வைத்திருப்பதும் நல்லது. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, அந்தச் சீட்டோடு இந்தியத் தூதரகத்துக்குப் போய் நாடு திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசியில் இருக்கும் நகல் பெரிதும் உதவும்.

டிக்கெட்டும் விமான நிலையமும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருந்தாலும் அங்கிருந்து வெளிநாட்டுச் சேவை கிடையாது. சென்னையா திருச்சியா என்பதே கேள்வி. புதுச்சேரி, கடலூர் நகரங்களில் இருப்பவர்களுக்குச் சென்னை வசதி. நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் இருப்பவர்கள் திருச்சியையும் பார்க்க வேண்டும். அங்கிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு மூன்றுக்கும் நேரடி விமானங்கள் உண்டு. 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம் சென்னையைவிட நெரிசல் குறைந்தது.

மலேசிய விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுவதால் தேதியில் ஏமாறக் கூடாது. டிக்கெட்டில் சனிக்கிழமை 00:20 என்று இருந்தால், நீங்கள் வெள்ளிக்கிழமை மாலையே சென்னை வந்து இரவு ஒன்பதரை மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். குறைந்த கட்டண நிறுவனங்களில் விலையாகத் தெரியும் தொகையில் சாப்பாடும் பெரிய பெட்டியும் சேர்வதில்லை. கைப்பையாக 7 கிலோ மட்டும் அனுமதிப்பது பரவலான அளவு. நான்கு நாளுக்கு இருவரும் ஆளுக்கு 7 கிலோவில் அடக்கிவிட்டு, திரும்பும்போது மட்டும் இருவருக்கும் பொதுவாக ஒரு பெட்டிக்குப் பணம் கட்டுவது சிக்கனம். வீட்டுத் தராசில் எடை பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியைப் பொறுத்தவரை, திண்டிவனம் வழியாக வரும் வெளியூர்ப் பேருந்துகள் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் நின்றுவிடுவதால், முன்பு போல விமான நிலைய வாசலில் இறங்கிக்கொள்ள முடிவதில்லை. அங்கிருந்து மாநகரப் பேருந்து மாற வேண்டும். பெட்டியோடு வருபவர்களுக்கு ரயில் வசதி. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால், விமான நிலையம் சாலைக்கு எதிர்ப்புறம். திருப்பாதிரிப்புலியூரில் ஏறுபவர்களுக்குப் பகலில் வரும் சோழன் விரைவு வண்டி நள்ளிரவு விமானத்துக்கு நன்றாகப் பொருந்தும். நான்கு நண்பர்களாக இருந்தால் கார் எடுக்கலாம். இருவருக்கு அது அதிகச் செலவு.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் வங்கக் கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததால் நம் பக்கத்துச் சாலைகளும் தண்ணீரில் நின்றன. அந்த மாதங்களில் புயல் எச்சரிக்கை வந்தால், முதல் நாளே சென்னைக்குப் போய்விடுவதும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுப்பதும் அறிவுடைமை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பயணக் காப்பீட்டில் விமான ரத்துக்கு இழப்பீடு உண்டா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பணம், கைப்பேசி, பெட்டி

இந்தியாவிலிருந்து புறப்படும்போது ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் இந்திய நோட்டாக எடுத்துச் செல்லலாம். வெளிநாட்டு நோட்டை, உரிமம் பெற்ற பணமாற்று நிலையங்களில் ரசீதோடு வாங்குங்கள். பாஸ்போர்ட், பான் அட்டை, டிக்கெட் நகல் மூன்றையும் கேட்பார்கள். வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோகும் ஊராதலால் புதுச்சேரியில் இத்தகைய நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்கினாலே வேறுபாடு தெரியும். விமான நிலையத்துக்குள் இருக்கும் கவுன்டரில் பொதுவாக விலை மோசம். முதல் நாளுக்கு வேண்டிய மலேசிய நாணயமான ரிங்கிட்டை நோட்டாக வைத்துக்கொண்டு, மீதியை அட்டையில் செலவழிக்கலாம். கடையில் அட்டை தேய்க்கும்போது ரூபாயில் கட்டுகிறீர்களா ரிங்கிட்டிலா என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்களுடைய மாற்று விலை உங்கள் தலையில் விழும்.

வங்கியின் ஓடிபி குறுஞ்செய்தி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஆகவே அங்கே போய் வேறு சிம் போட்டாலும் இந்திய சிம்மைக் கழற்றி எறிந்துவிடாமல், சர்வதேச ரோமிங்கைத் திறந்து, இணையத் தரவை மட்டும் அணைத்து வையுங்கள். இரண்டு சிம் வசதியோ இ-சிம் வசதியோ உள்ள கைப்பேசியில் இது எளிது.

பெட்டியில் வைப்பதற்குமுன் சில பொருள்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கைப்பையில் திரவம் எதுவானாலும் ஒரு புட்டி 100 மில்லிக்கு மேல் கூடாது. அம்மா கொடுத்த ஊறுகாயும் அந்தக் கணக்கில்தான் வரும். சிங்கப்பூர் போகிறவர்கள் கசகசாவைத் தொடக் கூடாது, ஏனெனில் அங்கே அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் தடைப் பட்டியலில் உள்ளது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துகளை அவற்றின் உறையோடும் மருத்துவரின் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்செருகி, தட்டையான மூன்று கால் கொண்ட பிரிட்டிஷ் வகை. நம்முடைய உருண்டைக் காலுக்கு ஒரு அடாப்டர் வேண்டும்.

நுழைவும் தங்கலும்

மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அந்நாட்டின் டிஜிட்டல் வருகை அட்டையை அரசு இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் அரசுத் தளமல்ல. இருவரும் தனித்தனியாக நிரப்பி, வரும் மின்னஞ்சலைப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். குடிநுழைவு அதிகாரி திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, கையிலிருக்கும் பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். நம் ஊர் இளைஞர்களிடம், வேலைக்கு வந்தவர்களோ என்ற ஐயத்தோடு கூடுதலாக விசாரிப்பதும் உண்டு. எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், உடன் வந்தவர் யார் என்ற கேள்விகளுக்கு இருவரும் ஒரே பதிலைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்த ஒரு காரணத்துக்காகவாவது, முதல் இரண்டு இரவுக்கேனும் விடுதியை முன்பதிவு செய்திருக்க வேண்டும்.

கோலாலம்பூரில் தங்குவதற்குப் புதியவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியைப் பார்க்கலாம். நகரத்தின் ரயில்கள் கூடும் கேஎல் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய தமிழர் பகுதி அது. விமான நிலையத்தின் முதல் முனையத்திலிருந்து விரைவு ரயில் 28 நிமிடத்தில் அங்கே கொண்டுவந்து சேர்க்கும். இருவருக்குப் பேருந்து மிகவும் மலிவு. வெளிநாட்டவர்கள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியை விடுதியில் தனியே கட்ட வேண்டியிருக்கும். காலையில் வந்திறங்கினால் பிற்பகல் வரை அறை கிடைக்காது. பெட்டியை மட்டும் வரவேற்பில் கொடுத்துவிட்டு வெளியே கிளம்புங்கள்.

பத்துமலைக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்தே புறநகர் ரயில் செல்கிறது. நிலையம் குகையின் அடிவாரத்தில் இருக்கிறது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. மேலே ஏற 272 படிகள். வெயில் ஏறுமுன், காலை எட்டு மணி வாக்கில் போய்விட்டால் கூட்டமும் குறைவு. கையில் பழமோ பையோ தொங்கவிட்டுப் போனால் குரங்குகள் விடாது. தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் அறையும் கிடைக்காது, படியும் கிடைக்காது. திருவிழாவுக்காகவே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் மேலே செல்லும் சீட்டை இணையத்தில் முன்னதாக எடுக்க வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. மேலே போகாமல் அதன் அடியிலுள்ள பூங்காவில் மாலை நேரத்தைக் கழிப்பதற்குச் செலவே இல்லை, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

மூன்றாம் நாளை நடைக்கு ஒதுக்குங்கள். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடத்திலுள்ள மஸ்ஜித் ஜாமெக், அருகில் மெர்டேக்கா சதுக்கம், தம்புசாமி பிள்ளை 1873-இல் எழுப்பிய மகாமாரியம்மன் கோயில், அதன் பின்னால் சீனர் கடைத்தெரு என்று எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கும் தொலைவில் உள்ளன. பிற்பகலில் இடியோடு மழை பெய்வது அந்த ஊரின் வழக்கம், குடை கையிலிருக்கட்டும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகள் பல இரவு முழுதும் திறந்திருப்பதால் பசிக்குப் பயமில்லை. சைவம் உண்பவர்கள் மட்டும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைத் தவிர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நெத்திலியை ஒதுக்கினாலும் அதோடு வரும் சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் அரைத்த இறால் இருக்கும்.

திரும்புதல்

கடைசி நாள் பிற்பகலுக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். மீதமுள்ள ரிங்கிட் நோட்டுகளைச் சாப்பாட்டிலோ பயணச்சீட்டிலோ தீர்த்துவிடுங்கள். சில்லறைக் காசுகளை இங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள். சுங்கத்தில் ஒருவர் இரண்டு லிட்டர் வரை மது கொண்டுவரலாம் என்பது விதி, புதுச்சேரிக்காரர்களுக்கு இது அவ்வளவு பெரிய கவர்ச்சியாக இருக்காது என்று நினைக்கிறேன். தங்கத்தின் சலுகைக்கு வெளிநாட்டில் நீண்ட காலம் தங்கியிருக்க வேண்டும். நான்கு நாள் போய் வந்தவருக்கு அது பொருந்தாது. யாரோ ஒருவர் விமான நிலையத்தில் நீட்டும் சிறு பொட்டலத்தை, அவர் தமிழே பேசினாலும், வாங்கி வரக் கூடாது.

சென்னையில் நள்ளிரவுக்கு மேல் இறங்குபவர்கள் அவசரப்பட்டு இருட்டில் கார் பிடிக்க வேண்டாம். வருகைக் கூடத்தில் அமர்ந்திருந்து, அதிகாலை மின்சார ரயிலில் தாம்பரம் போய், காலை வண்டியில் ஊர் திரும்பலாம். வண்டி திண்டிவனம் தாண்டுவதற்குள் குறித்துவைத்த கணக்கைத் திறந்து, யார் யாருக்கு எவ்வளவு என்று பார்த்து யுபிஐயில் அனுப்பிவிட்டு, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மீண்டும் அடைத்துவிடுங்கள்.